பள்ளிக் கணினிகளும் கெர்னல் ஓட்டையும்

ஆசிரியருக்கு,

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ்வழிப் பள்ளிகள் உட்பட, கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவது பாராட்டுக்குரியது; ஆனால் லினக்ஸ் என்றாலே பாதுகாப்பு ஓட்டை இராது என்ற பேச்சு ஏற்கத்தக்கதன்று. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2016 அக்டோபரில் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ பிழையே இதற்குச் சான்று.

படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பைத் தனக்கென நினைவகத்தில் ஏற்றி ஒருவர் அதில் எழுத முயன்றால், கெர்னல் அவருக்கெனத் தனிப் படியெடுத்துத் தர வேண்டும்; படியெடுப்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட நுண்ணிய நேரத்தில் தாக்கும் நிரலின் மற்றோர் இழை (அதே நிரலில் உடன் ஓடும் வேறொரு பணி) அந்தப் படியை விலக்கிவிட்டால், எழுதியது மூலக் கோப்பிலேயே விழுந்துவிடும். சோதனைச்சாவடியில் சீட்டைச் சரிபார்த்தபின், தடுப்புக் கம்பம் உயர்வதற்குள் சரக்கை மாற்றுவது போன்றதே இது. நிரல் சலிக்காமல் முயலுமாதலால் ஏதேனும் ஒருமுறை பலித்து, சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தையே பெற்றுவிடலாம். 2005-இலேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைச் சரிசெய்ய முயன்றும், ஐபிஎம் பெருங்கணினிகளில் சிக்கல் எழுந்ததால் அத்திருத்தம் நீக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

ஒரே கணினியைப் பல மாணவர் பகிரும் இடத்தில் இத்தகைய பிழை அற்பமன்று. ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் எல்லைப்பகுதிப் பள்ளிகளிலும் கெர்னலைப் புதுப்பிக்க கல்வித்துறை உத்தரவிட வேண்டும். புதுப்பித்தபின் கணினியை மறுதொடக்கம் செய்யாவிட்டால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்