பேண்டு கச்சேரிக்கு காசு குடுத்தது யாரு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு மலர்ல, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயத்துல அமெரிக்காவோட சின்ன ஊர்கள்ல கோடைக்காலம் எப்படி போச்சுன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, படிச்சேன். எழுத்து நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல வரல. சனிக்கிழமை சாயங்காலம் ஊர் நடுவுல பேண்டு வாசிக்கறது, இருட்டுனதும் ஏதோ ஒரு கடையோட பக்கத்து சுவத்துல வெள்ளைத்துணி கட்டி சினிமா ஓட்டறது, சுத்தி நிக்கற கார்லயே உக்காந்து கேட்டுட்டு பாட்டு முடிஞ்சதும் கைதட்டறதுக்கு பதிலா ஹாரன் அடிக்கறது, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா இதுக்கெல்லாம் யாரு காசு குடுத்தாங்கன்னு ஒரு பேச்சு கூட இல்ல. மக்கள் ஒத்துமையா இருந்தாங்க, அதனால எல்லாம் சும்மாவே நடந்துச்சுங்கற மாதிரி முடிச்சுட்டாங்க. சார், ட்ரம்பெட் ஊதறவனுக்கும் வயிறு இருக்குல்ல.

பழைய ஊர் கணக்கு புத்தகங்கள படிக்கறதுல எனக்கு கொஞ்சம் பைத்தியம் உண்டு, அதனால தான் இத எழுதறேன். அந்த கோடை ராத்திரிகள்ல கொஞ்சம் வரிப்பணத்துல நடந்துச்சு, கொஞ்சம் கடைக்காரங்க காசுல நடந்துச்சு. எது யார் காசுல நடந்துச்சோ அத வச்சு தான் அத யாரு நிறுத்தலாம், எத்தனை வருஷம் தாங்கும்ங்கறதெல்லாம் முடிவாச்சு. கட்டுரைல ரெண்டையும் ஒண்ணா கலந்து ஊத்திட்டாங்க.

முதல்ல பேண்டு. அயோவா மாநிலத்துல 1921-ல ஒரு சட்டம் வந்துச்சு, அயோவா பேண்டு சட்டம்னே சொல்லுவாங்க. இதுக்கு பின்னாடி நின்னவர் க்ளாரிண்டாங்கற சின்ன ஊர்ல இருந்த மேஜர் ஜார்ஜ் லேண்டர்ஸ், ராணுவ பேண்டு நடத்துன மனுஷன் (க்ளென் மில்லர் பொறந்ததும் அதே ஊர் தான், அது வேற கதை). அதுக்கு முன்னாடி ஊர் பேண்டுன்னா தொப்பிய நீட்டி வசூல் பண்றது, கடை கடையா போயி கேக்கறது, ஒரு வருஷம் கிடைக்கும், அடுத்த வருஷம் மாஸ்டர் வேற ஊருக்கு போயிடுவார், பேண்டு கலைஞ்சிடும். லேண்டர்ஸ் என்ன சொன்னார்னா ரோட்டுக்கும் விளக்குக்கும் வரி போடற மாதிரி பாட்டுக்கும் போடுங்கன்னாரு. சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, 40,000 பேருக்கு மேல போகாத ஊர்ல வாக்காளர்கள்ல நூத்துக்கு பத்து பேர் கையெழுத்து போட்டு மனு குடுத்தா அத ஓட்டுக்கு விடணும், பாதிக்கு மேல ஆமான்னு சொன்னா கவுன்சில் வருஷா வருஷம் 2 மில் வரைக்கும் சொத்து வரில பேண்டுக்குன்னு தனியா வசூல் பண்ணலாம்.

மில்னா ஒரு டாலர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அதாவது வரிக்குன்னு 3,000 டாலர் மதிப்பு போட்ட வீடுன்னு வச்சுக்குங்க, 2 மில்னா வருஷத்துக்கு 6 டாலர், அதுவும் உச்சபட்சம். அவ்வளவு தான். ஆனா அந்த 6 டாலர் எல்லா வீட்லேருந்தும் வரும்போது பேண்டு மாஸ்டருக்கு நிலையா சம்பளம் குடுக்கலாம், வாசிக்கறவங்களுக்கு கச்சேரிக்கு இவ்வளவுன்னு குடுக்கலாம், இசைக்குறிப்பு நோட்டு, யூனிஃபார்ம் வாங்கலாம். பத்து பேர்கிட்ட கையேந்தி வாங்கறத விட ஆயிரம் பேர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறது எவ்வளவு நிம்மதி. சட்டத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இன்னொண்ணு, வேண்டாம்னாலும் இதே வழி தான், மறுபடி மனு, மறுபடி ஓட்டு, வரி நின்னுடும். கவுன்சிலர்ல யாரோ ஒருத்தருக்கு பேண்டு சத்தம் பிடிக்கலன்னு தூக்க முடியாது.

கார்ல் கிங்னு ஒருத்தர், சர்க்கஸ் பேண்டுல வேலை பாத்துட்டு 1920-ல அயோவால ஃபோர்ட் டாட்ஜ் ஊருக்கு வந்தவர், 1971-ல சாகற வரைக்கும் அந்த ஊர் பேண்ட நடத்துனார், அரை நூற்றாண்டு! அந்த சட்டத்தோட பேர்லயே ஒரு மார்ச் இசை, அதாவது அணிவகுப்பு இசை வேற எழுதி வச்சார். வரிச்சட்டத்துக்கு மார்ச் எழுதுன ஆளு உலகத்துல வேற யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த சட்டத்த பாத்து வேற பல மாநிலங்களும் இதே மாதிரி கொண்டு வந்தாங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, கட்டுரைல அது சுத்தமா விட்டுப்போச்சு. ஊர் வரி ஊர் எல்லைக்குள்ள இருக்கற சொத்துக்கு மட்டும் தான். ஆனா சனிக்கிழமை ராத்திரி கச்சேரி கேக்க வந்த கூட்டத்துல நிறைய பேர் எல்லைக்கு வெளில இருந்த விவசாயிங்க. அவங்க பேண்டுக்கு ஒரு சென்ட் கூட வரி கட்டல. அப்ப ஊர்க்காரங்க ஏன் ஆமான்னு ஓட்டு போட்டாங்க? பெருந்தன்மைன்னு ஒரு காரணம் சொல்லலாம், இருக்கலாம், ஆனா அந்த விவசாயி வீட்டம்மா முட்டையும் க்ரீமும் கொண்டு வந்து வித்துட்டு அந்த காச அதே ராத்திரி மளிகை கடைலயும் துணிக்கடைலயும் தான் செலவு பண்ணுவாங்க. ராத்திரி கடை திறந்து வச்சிருந்ததே இதுக்கு தான். பேண்டு வாசிச்சா வண்டி நிக்கும், வண்டி நின்னா கடை ஓடும். இத யாரும் மறைக்கவும் இல்ல, அந்த ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு தான்.

நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போனா கதை வேற. அங்க டவுன்னு சொன்னா கடைத்தெருவோட சேத்து சுத்தி இருக்கற பண்ணைகளும் அதுக்குள்ள தான், அதனால விவசாயியும் வரி கட்டுவார், மார்ச் மாசம் வாக்காளர்கள் எல்லாரும் கூடி ஊர் செலவ முடிவு பண்ற டவுன் மீட்டிங்ல கையும் தூக்குவார். வருஷா வருஷம் அச்சடிச்சு வந்த அந்த காலத்து டவுன் ரிப்போர்ட்ட எடுத்து பாத்தீங்கன்னா பட்ஜெட்ல பொழுதுபோக்குங்கற தலைப்புக்கு கீழ "பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், பேண்டு கச்சேரிகள் உட்பட"ன்னு ஒரு ஐட்டம் இருக்கும், பனி அள்றதுக்கும் கல்லறைய பராமரிக்கறதுக்கும் ஒதுக்குன தொகை இருக்கற அதே பட்டியல்ல. இன்னொரு இடத்துல பழைய ஊர் விழாவுக்கு, அதாவது ஊர விட்டு போனவங்க கோடைல திரும்பி வந்து கூடற நாளுக்கு பணம். அந்த வழக்கத்த ஆரம்பிச்சு வச்சது 1899-ல அந்த மாநில கவர்னரா இருந்த ஃப்ராங்க் ரோலின்ஸ். அதே புத்தகத்துல அந்த வருஷம் பொறந்தவங்க, செத்தவங்க, கல்யாணம் பண்ணுனவங்க பேர், வரி பாக்கி வச்சவங்க பேர் கூட இருக்கும், மானம் போற மாதிரி. தொகை சின்னது தான், ஆனா கூட்டத்துல யாரோ ஒரு கிழவர் எந்திரிச்சு இந்த பணத்துக்கு ரோட்ல ஜல்லி போடலாமேன்னு கேக்கலாம், இன்னொருத்தர் பதில் சொல்லலாம், அப்புறம் ஓட்டு. இப்படி திட்டு வாங்கி பாஸான கச்சேரிய தான் நான் ஊர் கச்சேரின்னு ஒத்துக்குவேன்.

சரி, சினிமா. மிட்வெஸ்ட்ல, அதாவது அயோவா மாதிரி நடு அமெரிக்க மாநிலங்களோட ஊர்கள்ல திறந்தவெளி இலவச படம் பெரும்பாலும் கடைக்காரங்க சேந்து காசு போட்டு நடத்துனது. 16 மிமீ ப்ரொஜெக்டர் 1923-லயே வந்துடுச்சு, ஆனா போர்ல சிப்பாய்களுக்கு பயிற்சிப்படம் போட்டு போட்டு அது எங்க பாத்தாலும் இருக்கற சாமான் ஆயிடுச்சு, அத ஓட்டத் தெரிஞ்ச பசங்களும் ஊர் திரும்பிட்டாங்க. பழைய கௌபாய் படம், கார்ட்டூன், நடுவுல கடை விளம்பரம். காசு வாங்கி டிக்கெட் விக்கற தியேட்டர்காரங்களுக்கு இது வயித்தெரிச்சல், அவங்களும் வரி கட்றவங்க தானே, அந்த கோவத்துல நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது. படம் போட இருட்டு வேற வேணும், ஜூன் மாசத்துல அங்க இருட்டவே ஒன்பது மணி ஆகும், இதுல கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வச்சா இன்னும் லேட்டு. 1966-ல ஒரே மாதிரி சட்டம் வர்ற வரைக்கும் கடிகாரத்த மாத்தறதா வேண்டாமான்னு அந்தந்த ஊரே முடிவு பண்ணிட்டு இருந்துச்சு, பக்கத்து பக்கத்து ஊர்ல வேற வேற மணி. விவசாயிங்க ஒரு பக்கம் எதிர்த்தாங்க, கார்லயே உக்காந்து படம் பாக்கற ட்ரைவ்-இன் தியேட்டர்காரங்க ஒரு பக்கம் எதிர்த்தாங்க.

கடைக்காரங்க காசுல ஓடுன படத்துக்கு ஆயுசு கம்மி. 1948-லேருந்து 1952 வரைக்கும் புது டிவி ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் குடுக்கறத மத்திய தகவல் தொடர்பு கமிஷன் நிறுத்தி வச்சிருந்துச்சு, அதனால கிராமப்பக்கம் டிவி லேட்டா தான் போச்சு, இலவச படத்துக்கு சில வருஷம் கூடுதலா கிடைச்சுது. 1950-ல அமெரிக்காவுல நூத்துக்கு 9 வீட்ல டிவி, 1960-ல நூத்துக்கு 87. சனிக்கிழமை கூட்டம் குறைஞ்சதும் கடைக்காரங்க காசு போடறத நிறுத்திட்டாங்க, அத யார்கிட்டயும் கேக்க வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்ல. வரி போட்ட பேண்டும் அடி வாங்குச்சு, இல்லன்னு சொல்லல. 1940-ல 3 கோடி பேர் பண்ணைகள்ல இருந்தாங்க, 1970-ல 1 கோடிக்கும் கீழ வந்துட்டாங்க, சின்ன சின்ன பள்ளிக்கூடங்கள ஒண்ணா சேத்தப்ப கோடைல ஊர் பேண்ட நடத்திட்டிருந்த ஸ்கூல் பேண்டு வாத்தியாரும் போயிட்டார். ஆனா ஃபோர்ட் டாட்ஜ்ல கார்ல் கிங் பேர்லயே அந்த பேண்டு இன்னைக்கும் இருக்கு. வருஷா வருஷம் வரி விதிக்கற லிஸ்ட்ல ஒரு ஐட்டமா உக்காந்திருந்தா நிறுத்தறதுக்கு யாராவது கை தூக்கணும், அதுக்கு ரொம்ப பேருக்கு மனசு வராது.

நீச்சல்குளம் பத்தி கட்டுரைல ஒரே ஒரு வாக்கியம், குழந்தைங்க குதிச்சாங்கன்னு. எந்த குழந்தைங்க? நிறைய குளமும் பேண்டு மேடையும் 1930-கள்ல நியூ டீல் வேலைத்திட்டத்துல மத்திய அரசு காசுல கட்டுனது, போருக்கு அப்புறம் சிலை வைக்கறதுக்கு பதிலா செத்த வீரர்கள் நினைவாவும் நிறைய ஊர்ல குளம், மண்டபம்னு கட்டுனாங்க. கட்டறது ஒரு தடவை செலவு, க்ளோரினும் காவலுக்கு நிக்கற பசங்க சம்பளமும் வருஷா வருஷம் ஊர் தலைல. போலியோ பரவுன கோடைல குளத்த மூடுவாங்க (1952-ல மட்டும் நாடு முழுக்க கிட்டத்தட்ட 58,000 பேருக்கு வந்துச்சு), டிக்கெட் வரும்படி போயிடும், கடன் பத்திரம் போட்டு கடன் வாங்கியிருந்தா வட்டி மட்டும் நிக்காம வரும். இதெல்லாம் கூட பரவாயில்ல. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்கள் கட்டுன வரியும் அதே கஜானாவுக்கு தான் போச்சு, ஆனா வெள்ளைக்காரங்க குளத்துல அவங்க கால் வைக்க முடியாது. கோர்ட்டு சேத்துக்க சொல்லிடுமோன்னு பயந்து குளத்தயே மூடுன ஊர்கள் உண்டு. அலபாமால மாண்ட்கமரி, அது சின்ன ஊர் இல்ல மாநில தலைநகரம், 1959 ஜனவரி 1-ம் தேதி ஊர் பூங்கா எல்லாத்தயும் இழுத்து மூடிட்டாங்க, 1965 வரைக்கும். எல்லார் காசுல கட்டுனத எல்லாருக்கும் திறக்கறத விட யாருக்கும் இல்லாம பண்றது மேல்னு நினைச்சிருக்காங்க. ஒத்துமைன்னு கட்டுரைல நாலு இடத்துல எழுதும்போது இதுக்கு ஒரு பாரா ஒதுக்கியிருக்கலாம், இடம் இல்லன்னு சொன்னா ஹாரன் அடிக்கறத கொஞ்சம் குறைச்சிருக்கலாம்.

இதுல நான் சொன்ன சட்டம், தேதி எதாவது தப்பா இருந்தா வாசகர்கள் தாராளமா திருத்தலாம். இந்த தொடர்ல அடுத்த பகுதி கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கண்காட்சி பத்தி வரும்னு போட்டிருக்கீங்க. அயோவா மாநில கண்காட்சிய 1942-லேருந்து 1945 வரைக்கும் நிறுத்தி வச்சு அந்த மைதானத்த ராணுவம் கிடங்கா வச்சிருந்துச்சு, 1946-ல தான் மறுபடி நடந்துச்சு, அத கண்டிப்பா சேருங்க. கூடவே மாட்டுக்கும் பன்னிக்கும் குடுக்கற பரிசுப்பணம் மாநில அரசு குடுத்ததா, கவுண்டி வரிலேருந்து வந்ததா, இல்ல நுழைவு டிக்கெட்லேருந்தான்னு எழுதறவர்கிட்ட கேட்டு போட சொல்லுங்க. படம் போடறதா இருந்தா ராட்டினத்தோட சேத்து கணக்கு பக்கம் ஒண்ணையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்