ஆறு மணி நேரத்துக்கு அப்பால்

அன்புள்ள குமார்,

வாட்ஸ்அப்பில் நீலக் குறி காட்டிவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறேன் என்று திட்டியிருப்பாய். திட்டு. அம்மா நலம், முழங்கால் வலி அப்படியே. மீசை மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். காரணம் உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு அறை வெப்பநிலையைக் கண்காணித்துக் கொடுக்கிறோம் அல்லவா, அவர்களுக்குப் போன மாதப் பதிவு தேவைப்பட்டது. இறால் கெட்டது கிடங்கிலா லாரியிலா என்று தகராறு. அளவுகளைச் சேமித்து வரைபடமாகக் காட்டும் கிராபைட்டைத் திறந்தால் வெறும் கட்டம்.

எல்லாரும் வழக்கம்போல நெட்வொர்க்கைத் திட்டினார்கள். சென்சார் நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக அனுப்புகிறது, கிராபைட்டில் அதை வாங்கிச் சேமிக்கும் கார்பன் வாங்கிக்கொள்கிறது, டிஸ்க்கில் இடம் இருக்கிறது, கடிகாரமும் சரி. கடைசி ஒரு மணி நேரத்தைக் கேட்டால் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. 24 மணி நேரம் என்று மாற்றினால் அதே ஒரு மணி நேரமும் காணோம்! பேய் வீடு மாதிரி இருக்கிறது என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். அங்கேதான் பொறி தட்டியது.

சேமிப்புக் கோப்பின் அமைப்பைக் காட்டும் விஸ்பர்-இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ யாரோ ஸ்டாட்ஸ்டி (நிரல்களின் அளவுகளைத் திரட்டி கிராபைட்டுக்கு அனுப்பும் கருவி) ஆவணத்திலிருந்த வரியை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்: 10 விநாடிக்கு ஒன்றாக 6 மணி நேரம், நிமிடத்துக்கு ஒன்றாக 6 நாள், 10 நிமிடத்துக்கு ஒன்றாக 1800 நாள். பழையதைச் சுருக்கிச் சுருக்கி வைக்கும் மூன்று அடுக்குகள். ஸ்டாட்ஸ்டி 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும், அதற்குச் சரி. இங்கே நிமிடத்துக்கு ஆறு இடம், நிரம்புவது ஒன்று. சுருக்குவதற்கு எவ்வளவு பங்கு இடம் நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்ஃபைல்ஸ்ஃபேக்டர் இயல்பாக 0.5, பாதி இடமாவது நிரம்பாவிட்டால் அடுத்த அடுக்கில் எதையும் எழுதாது. ஆறில் ஒன்று 0.17தான். 24 மணி நேரம் கேட்டால், 6 மணி நேர அடுக்கு போதாது என்று, அந்தக் காலி அடுக்கிலிருந்துதான் படிக்கும். எழுதப்படவே இல்லாததை எங்கிருந்து மீட்பது? லாகில் ஒரு முனகல்கூட இல்லை.

"பிரோமிதியஸுக்கு மாறு" என்று இன்னொரு கண்காணிப்பு மென்பொருளைச் சொல்ல ஆரம்பிக்காதே. அது மட்டும் யோக்கியமா? அமைப்பை மாற்றாமல் விட்டால் 15 நாளுக்கு மேல் வைத்திருக்காது. 5 நிமிடம் புதுப் புள்ளி வராவிட்டால் கோட்டை அறுத்துவிடும்.

திருத்தம் சின்னதுதான். முதல் அடுக்கை 1 நிமிடமாக்கினேன். கான்ஃபிக்கை மாற்றினால் பழைய கோப்புகள் தானாக மாறாது, அவற்றைப் புது அமைப்புக்கு மாற்ற விஸ்பர்-ரீசைஸ் ஓட்ட வேண்டும், அதுவும் ஆயிற்று. சண்டை அப்புறம்தான். ஃபேக்டரை 0 ஆக்கு, வரைபடத்தில் இடைவெளிகளையும் இணைத்துவிடு, பார்க்க அழகாக இருக்கும் என்கிறார் மேலாளர். 0 வைத்தால் 10 நிமிடத்தில் ஒரே புள்ளி வந்தாலும் அதையே முழுக் கணக்காக எழுதிவிடும். மீதி 9 நிமிடம் சென்சார் செத்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்? சுருக்கும்போது எடுக்கும் சராசரியும், −18 டிகிரியிலிருந்து ஒரு நிமிடம் ஏறி இறங்கிய உச்சத்தைக் கரைத்துவிடும். அதற்குச் சராசரிக்குப் பதில் மேக்ஸ், அதாவது அதிகபட்ச அளவு, வைத்துவிட்டேன். இடைவெளியை மட்டும் மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

இதில் என்னைக் குடைவது வேறு. பதிவு இல்லையென்றதும், லாரியில்தான் கெட்டது என்று முடிவுகட்டி, டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்களாம். அவர் மேல் தப்பு இருந்ததா இல்லையா, அந்தக் கோடு மட்டும்தான் சொல்லியிருக்கும். அமைப்பில்தான் பிழை, டிரைவர் மேல் ஆதாரம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவார்களா பார்க்கலாம்.

உங்கள் ஆபீஸிலும் ஒரு பழைய கிராபைட் மூலையில் ஓடுகிறது என்றாயே, இன்றைக்கே விஸ்பர்-இன்ஃபோ ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. பொங்கலுக்கு வரும்போது என் சார்ஜரையும் கொண்டுவா, திருடா.

உன்,
ரவி