மரச்சீனிக் கம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சித்திரை மழை விழுந்ததும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கம்பு கேட்டு வரத் தொடங்குவீர்கள். அதற்கு முன், கடையில் ஓயாமல் வரும் ஒரு கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதிவிடுகிறோம். “தேமல் தாங்கும் இரகம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினோமே, அதிலும் இலை சுருளுகிறதே?”

தேமல் நோய் பிடித்த மரச்சீனி மூட்டை, அதாவது செடியை, பார்த்திருப்பீர்கள். பச்சை இலைக்கு நடுவே வெளிர் மஞ்சள் திட்டு விழும். ஓர் இலையிலேயே ஒன்றிரண்டு பிரிவுகள் மட்டும் குறுகிக் கோணிக்கொள்ளும். காரணம் வெள்ளை ஈ சுமந்து வரும் வைரஸ். இரண்டு சிறு டி.என்.ஏ. வளையங்கள்தான் அதன் மொத்தச் சொத்து. தன்னைப் பிரதி எடுக்கும் நொதிகூட அதனிடம் கிடையாது. செடியின் செல்லில் இருப்பதைப் பிடித்துத்தான் வேலையை முடித்துக்கொள்ளும்.

மரச்சீனியின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. அங்கே இந்த நோய் இல்லை. நோய் நெடுங்காலமாக இருக்கும் ஆப்பிரிக்காவில்தான் எதிர்ப்பு கிடைத்தது, அதுவும் இரண்டு வழியில். 1930களில் இன்றைய தான்சானியாவின் அமானி ஆய்வு நிலையத்தில் மரச்சீனியைச் சியாரா ரப்பர் என்ற மரத்தோடு இனக்கலப்புச் செய்தார்கள். குலசேகரம் பக்கம் நாம் பால் வெட்டும் ரப்பர் அல்ல இது. மரச்சீனியின் காட்டுச் சொந்தம். எதிர்ப்பு வந்தது, கூடவே காட்டுச் செடியின் உருப்படாத கிழங்கும் வந்தது. திரும்பத் திரும்ப மரச்சீனியோடே கலந்துதான் சாப்பிடும் பதத்துக்குக் கிழங்கை மீட்டார்கள். பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தரும் எதிர்ப்பு இது.

இரண்டாவது வழி, மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் வைத்திருந்த பழைய இரகங்களில் கிடைத்தது. அதில் ஒரே ஓர் ஓங்கு மரபணு (ஒரு பெற்றோர் வழி வந்தாலே வேலை செய்யும் மரபணு) பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. சி.எம்.டி.2 என்று பெயர். டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் செடியின் ஒரு நொதியில் உள்ள சிறு மாற்றத்தோடு இது தொடர்புடையது என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். அதாவது, வைரஸ் கைவைக்கும் அதே வகைக் கருவியில்தான் சூட்சுமம் இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, தேமல் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா இரகம் ஆப்பிரிக்காவின் நைஜீரியா வழியாக வந்த செடிதான்.

சரி, கேள்விக்கு வருவோம். இந்த மரபணுக்கள் வெள்ளை ஈயை விரட்டாது, வைரஸ் உள்ளே நுழைவதையும் முழுசாகத் தடுக்காது. உள்ளே வந்தது பெருகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் சில இலைகளில் திட்டு விழுந்துவிட்டு, அப்புறம் வரும் குருத்து சுத்தமாக இருக்கலாம். அப்படிப்பட்ட மூட்டைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அதிலிருந்து அடுத்த நடவுக்குக் கம்பு எடுக்காதீர்கள்.

நோய் எங்கிருந்து வந்தது என்று விளையிலேயே (தோட்டத்திலேயே) கண்டுபிடிக்கலாம். அடி இலையைப் பாருங்கள். முளைத்த முதல் இலைகளிலேயே திட்டு இருந்தால் அது கம்போடு வந்தது. அடி இலை சுத்தமாக இருந்து மேலே மட்டும் திட்டு என்றால் ஈ கொண்டுவந்தது. முதல் வகை என்றால் மூட்டோடு கடைக்குக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். இரண்டாவது வகைக்குப் பக்கத்து விளையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

கம்பு நடுவதில் லாபமும் ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. தாய்ச் செடியின் மரபணு அப்படியே வரும், எதிர்ப்பு கலையாது. தாய்க்குள் இருந்த வைரஸும் அப்படியே வரும். கிழங்கு பிடுங்கும் நேரத்தில் இலை உதிர்ந்திருக்கும், ஒன்றும் தெரியாது. அதனால்தான் இலை செழித்திருக்கும்போதே நல்ல மூடுகளில் நாங்கள் அடையாளத்துக்குத் துணி கட்டி வைக்கிறோம். கூடுதல் விலை பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான்.

டிஷ்யூ கல்ச்சர் (ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த) மரச்சீனி கேட்கிறவர்களும் உண்டு. நுனி மொட்டிலிருந்து வளர்த்தால் குறையில்லை. ஆனால் செல் திரளிலிருந்து கருவாக்கி வளர்த்த செடிகளில் சி.எம்.டி.2 எதிர்ப்பே போய்விட்டதைப் பார்த்திருக்கிறார்கள். எந்த முறை என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தக்காளி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலைச்சுருள் வைரஸ் தாங்கும் ஹைபிரிட்டில் பெரும்பாலும் டை-1 போன்ற மரபணு இருக்கும். அதுவும் காட்டுத் தக்காளியில் இருந்து வந்ததே. அந்த மரபணு ஒரு பெற்றோர் வழி மட்டும் வந்திருந்தால், நீங்கள் எடுத்து வைக்கும் விதையில் சராசரியாக 4இல் 1 செடிக்கு அது இருக்காது. வெண்டையில் அர்க்கா அனாமிகா ஒரு காலத்தில் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு நன்றாக நின்றது. வைரஸ் மாறிக்கொண்டே போனதில் பல இடங்களில் அந்த எதிர்ப்பு உடைந்துவிட்டது. பழைய பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

வாழையில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோயைத் தாங்கும் இரகமே எங்களிடம் இல்லை. மட்டியோ நேந்திரனோ, “வைரஸ் வராது” என்று யாராவது கன்று விற்றால் நம்பாதீர்கள். உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை விதை தராதவை. இனக்கலப்புச் செய்து எதிர்ப்பைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. நோயில்லாத தாயின் கன்று, நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சியைக் கட்டுப்படுத்துவது, நோய் கண்ட மூட்டைக் கிழங்கோடு அகற்றுவது, இதுதான் வழி.

இந்தப் பருவத்தில் இருந்து ஒவ்வொரு கட்டிலும் இரகத்தின் பெயரோடு எந்த வைரஸுக்கு எதிர்ப்பு என்பதையும் எழுதி ஒட்டியிருப்போம். கம்பு வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சமையலுக்கா, மாவுக்கா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
நர்சரிக் கடையார்,
மார்த்தாண்டம்