அருங்காட்சியகத்துக்கும் வரி பிரிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் நடந்துவரும் சிறிய அருங்காட்சியகத்தைப் பெரிதாக்க மக்களிடம் நிதி திரட்டப்போவதாக உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. அன்று காலையே டீக்கடையில் ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. "திருநெல்வேலி பக்கம் ரெட்டியார்பட்டியில அரசாங்கமே கோடிக்கணக்குல போட்டு பொருநை அருங்காட்சியகம் கட்டியிருக்கு. அப்புறம் இங்கன எதுக்கு இன்னொண்ணு?" நியாயமான கேள்விதான். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அச்சகம் நடத்துகிறவன் நான். கோயில் கொடை விழாவுக்கு நோட்டீஸும் வரி ரசீதும் அடித்துக் கொடுத்தே காலம் ஓடியிருக்கிறது. அந்த உரிமையில் பதில் எழுதுகிறேன்.

பொருநை அருங்காட்சியகம் நம் எல்லோருக்கும் பெருமை. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளில் கிடைத்தவை அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனால் நம் தாத்தாமார் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கமலையில் இறைத்த இரும்புக் கூனையும், களத்தில் நெல் அளந்த மரக்காலும் அங்கே போகப்போவதில்லை. பாபநாசத்தில் 1880களில் ஹார்வி சகோதரர்கள் தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சாலையைத் தொடங்கினார்கள். சங்குச் சத்தத்துக்கு எழுந்து அந்த ஆலைக்குப் போனவர்களின் சம்பளச் சீட்டும் புகைப்படமும் இந்தப் பக்கத்து வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. அவற்றை வாங்கி வைக்க ஊரில் ஓர் இடம் வேண்டும்.

இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதிச்சநல்லூரே சாட்சி. 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த மண்ணிலேயே, தாழிகளை இருந்த இடத்தில் வைத்துக் கண்ணாடி வழியே பார்க்கும்படி ஒரு தளக் காட்சியகம் அமைய 2023 ஆகிவிட்டது. நம் வீட்டுப் பொருள்களுக்கு அவ்வளவு தவணை கிடையாது. பித்தளைப் பூண் போட்ட மரக்காலைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். கதவு நிலையைப் பெயர்த்து வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் வியாபாரிகள்.

இப்போதிருக்கும் பின்னறையைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டு பீரோவும் ஒரு மேசையும் போட்டால் நடக்க இடமில்லை. கமலைக் கூனை வெளியே தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. சாரல் அடித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, அதன் தோல்வால் மடிப்பு மடிப்பாக வெடித்துவிட்டது. உள்ளே கோயில் நிலக் கணக்கு எழுதிய ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. பூச்சி அரித்த துளை முதல் ஓலையில் நுழைந்து கடைசி ஓலை வரைக்கும் போகிறது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி வந்தால்தான் ஓலை வளைந்துகொடுக்கும், இல்லையென்றால் விரல் பட்டதும் ஒடியும். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒவ்வோர் ஓலையாகத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். காயவைக்க இடமில்லாமல் வாசிப்பு மேசையில் பரப்பியிருந்தார். பேப்பர் படிக்க வந்தவர்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். அந்த மனசு இருக்கிற ஊரில் நிதி திரளாது என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் சீமைக்குப் பொதுக்காரியத்துக்குக் கொடுப்பது புதிதில்லை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலத்துக்கு மக்களிடம் நன்கொடை கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது, கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் முழுச் செலவையும் தானே ஏற்றார். 1843இல் திறந்த பாலம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. ஆனால் அப்படி ஒரு முதலியார் வருவார் என்று நாம் காத்திருக்கக் கூடாது. எனக்குப் பிடித்த வழி வ.உ.சி.யின் வழி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்றதும், அதை 25 ரூபாய்ப் பங்குகளாக, 40,000 பங்குகளாகப் பிரித்து ஊர் ஊராகக் கேட்டார். அந்தக் காலத்துக்கு 25 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் பங்கு வாங்கியவன் கப்பலைத் தன் கப்பல் என்றான்.

கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறோமே, அதே மாதிரி இதற்கும் பிரிக்கலாம். வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்து, முடியாதவர்களை விட்டுவிடலாம். தாராவியில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் கொடைக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள், இதற்கும் எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள். எண் போட்ட ரசீது, அடிக்கட்டை, முடிந்ததும் ஊர் நடுவே கணக்கு வாசிப்பு, இதெல்லாம் நமக்குக் கைவந்த வேலை. அறக்கட்டளையாகப் பதிந்து, நன்கொடைக்கான வருமானவரி அங்கீகாரமும் வாங்கிவிட்டால் பழைய வரிமுறையில் வரி கட்டும் பெரிய நன்கொடையாளர்களுக்கு வருமானவரிச் சலுகையும் கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடையாது என்பதை ரசீதிலேயே அச்சடித்துவிட வேண்டும்.

குழுவினரிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. திரளும் பணம் முழுவதையும் செங்கலிலும் சிமென்டிலும் போட்டுவிடாதீர்கள். திறப்பு விழாவோடு காசு தீர்ந்து, கரண்டு பில் கட்ட ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களை நாம் பார்க்கவில்லையா? அம்பாசமுத்திரத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று வழி சொல்கிறது. பாண்டியன் வரகுணன் இளங்கோக்குடி ஊர்ச் சபையாரிடம் 290 காசு கொடுத்தான். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. முதலைத் தொடாமல், அந்த 580 கலம் நெல்லில் கோயில் படையல் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாமும் பாதிப் பணத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் காவலாளி சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் ஓலைக்கு எண்ணெயையும் பார்த்துக்கொள்ளலாம். டியூப்லைட்டுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் உபயம் எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கும். வைப்புநிதிக்குக் கொடுப்பவர் பெயர் எங்கும் தெரியாது. அதனால் அந்தப் பெயர்களையும் வாசலில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. வயலில் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஏதாவது கிடைத்தால் அதை நேராக நம் அருங்காட்சியகத்துக்குத் தூக்கி வந்துவிடக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டுப் பரணில் இருப்பதை மட்டும் மனமுவந்து கொடுங்கள், கொடுத்தவர் பெயரையும் அந்தப் பொருளின் கதையையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். யாருடையது, எந்த வயலில் இறைத்தது என்று தெரியாத கூனை வெறும் இரும்பும் தோலும்தான்.

ரசீதுப் புத்தகங்களுக்குத் தாள் செலவும் அச்சுக்கூலியும் என்னுடையது. எந்தப் பெயரில் அடிப்பது, எத்தனை புத்தகம் வேண்டும் என்று குழு அடுத்த கூட்டத்தில் முடிவு செய்து சொன்னால், அந்த வாரமே கட்டி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்