எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசிய எரிமலை ஒன்றின் சீற்றம் குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, நெருப்புக் குழம்பைப் பற்றி மட்டுமே பேசியது. நாகப்பட்டினத்தில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். எரிமலை வரையச் சொன்னால் பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்புப் பென்சிலைத்தான் தேடுவார்கள். 'எரிமலை' என்ற நம் சொல்லே அவர்களை நெருப்பின் பக்கம் இழுத்துவிடுகிறது. ஆனால் குழம்பு பெரும்பாலும் ஒருவர் நடந்தே விலகக்கூடிய வேகத்தில்தான் நகரும். அதைவிடப் பன்மடங்கு உயிர்களைப் பறித்தவை சேறும், சாம்பலும், மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் கொதிவாயுவும், கடலலையும்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 அன்று இரவு வெடித்தது. அது பெரிய வெடிப்பும் அன்று. உச்சியிலிருந்த பனி உருகி, மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, வீடு கட்டக் குழைத்த கலவை போல ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கியது. ஆர்மெரோ நகரை அடைய அதற்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த நகரம் சேற்றின் வழியில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் முந்தைய மாதமே அதிகாரிகள் கையில் இருந்தும், மாலையில் சாம்பல் விழுந்தபோது அமைதியாக வீட்டிலிருக்கும்படிதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். வெள்ளம் வருமுன் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பது கொள்ளிடக் கரைக்காரர்களுக்குப் புதிதன்று; ஆர்மெரோ மக்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

1991-இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலையில் நிலைமை வேறு. எரிமலைகளைப் படம்பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட பிரெஞ்சு விஞ்ஞானி மொரீஸ் கிராஃப்ட் தொகுத்த காணொளியை, நம்ப மறுத்த அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் அறிவியலாளர்கள் போட்டுக் காட்டினார்கள். வரைபடத்தால் விளங்காதது படத்தால் விளங்கியது. ஜூன் 15 அன்று பெருவெடிப்பு நிகழுமுன் பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தனர். (கிராஃப்டும் அவர் மனைவி கட்டியாவும் அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர்தான் ஜப்பானின் உன்சென் எரிமலையில் கொதிவாயுவுக்குப் பலியாகியிருந்தார்கள்.)

அப்படியும் பினாட்டுபோ வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரை சரிந்து இறந்தவர்கள். அன்றே புயல்மழையும் பெய்து சாம்பல் ஊறிப்போனதுதான் காரணம். இதை விளக்க, அடுப்புச் சாம்பல் ஒரு டப்பாவும் ஈர ஆற்றுமணல் ஒரு டப்பாவும் மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். எரிமலைச் சாம்பல் இரண்டாவது டப்பாவின் இனம். பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும் சேர்ந்தது. நனைந்தபின் பத்து சென்டிமீட்டர் படிந்தாலே, சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குக் குறையாத பாரம் கூரைமேல் ஏறிவிடும்.

டெல்டாவில் எரிமலை ஏது என்று கேட்கலாம். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை, நாகப்பட்டினத்தில் அன்றிருந்த கடல்மட்டக் கருவியிலும் பதிவானது. அதே இடத்தில் முளைத்த அனக் கிரகடோவாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22 அன்று இரவு கடலுக்குள் சரிந்து எழுப்பிய அலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னால் வராததால், நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை முறை அன்று வாய் திறக்கவில்லை. 2004-க்குப் பின் நம் கடலோரப் பிள்ளைகள் 'நிலம் அதிர்ந்தால் ஓடு' என்று கற்றிருக்கிறார்கள். அதிராமலும் அலை வரலாம் என்பதையும் அவர்கள் கற்க வேண்டும்.

இனி எரிமலைச் செய்தி வெளியிடும்போது, எந்தத் திசையில் எது இறங்கும், எத்தனை நேரத்தில் வந்து சேரும், மக்கள் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை ஒரு சிறு படத்துடன் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் அளவில் அந்தப் படம் இருந்தால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்.