பெயர் வைக்கப்படாதவன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை விடாமல் பெய்வதால் புத்தகமே கதி என்று கிடக்கிறேன். கல்லூரியில் நாம் பாதியில் விட்ட ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலை இம்முறை முழுதாகப் படித்துவிட்டேன். அதை உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அதில் வரும் அரக்கனின் பெயர் என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது அவனைப் படைத்த விக்டரின் குடும்பப் பெயர். படைக்கப்பட்டவனுக்கு நாவலை எழுதிய மேரி ஷெல்லி கடைசிவரை பெயரே தரவில்லை. அங்கங்களை அழகு பார்த்துப் பொறுக்கிச் சேர்த்த விக்டர், அவன் கண் திறந்ததுமே அருவருத்து ஓடிவிடுகிறான். அதன்பின் விக்டரின் வாயில் வருவதெல்லாம் பேய், பிசாசு, ஈனப்பிறவி என்பவைதான். அந்த வசவுகளில் அந்தப் பிறவியைவிட, பொறுப்பைத் தட்டிக்கழித்த விக்டர்தான் எனக்கு அதிகம் தெரிகிறான்.

நாவலின் தொடக்கத்திலேயே இன்னொரு இடம். வட துருவக் கடலில் பனியில் சிக்கிய கப்பலிலிருந்து வால்டன் என்ற துருவப் பயணி, அரை மைல் தொலைவில் நாய்வண்டியில் போகும் பேருருவம் ஒன்றைப் பார்க்கிறான். மறுநாள் காலை விக்டரை மீட்கிறார்கள். அதைத் தன் அக்காவுக்கு எழுதும்போது, இவன் அந்த இன்னொருவனைப் போல யாரும் கண்டறியாத தீவின் காட்டுமிராண்டியாகத் தோன்றவில்லை, ஐரோப்பியன் என்கிறான். ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. அரை மைல் தூரத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்!

ஆனால் என்னை உலுக்கியது டி லேசி குடும்பம். ஜெர்மனியில் ஒரு காட்டோரக் குடிசையில் வறுமையில் வாழ்கிறார்கள். விக்டர் படைத்தவன் பக்கத்துக் கொட்டகையில் ஒளிந்திருந்து, இரவில் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறான், வாசலில் பனியை அகற்றுகிறான். யார் செய்தது என்று தெரியாமல் அவர்கள் வியந்து, ‘நல்ல ஆவி’ என்கிறார்கள். அந்த வார்த்தைகளுக்கு அப்போது அவனுக்குப் பொருள்கூடத் தெரியாது. பிறகு ஒருநாள் துணிந்து, கண் தெரியாத கிழவர் தனியாக இருக்கும்போது உள்ளே போகிறான். உன் பேச்சில் உண்மை இருக்கிறது என்று அவர் நம்புகிறார். அந்த நேரம் மகன் ஃபெலிக்ஸ் வருகிறான். கிழவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவனை இழுத்துத் தரையில் தள்ளிக் கம்பால் அடிக்கிறான்.

இந்த ஃபெலிக்ஸ் யார் தெரியுமா? பாரிஸில் ஒரு துருக்கிய வணிகருக்கு, செல்வத்துக்காகவும் மதத்துக்காகவும் அநியாயமாக மரண தண்டனை விதிக்கப்பட்டபோது கொதித்தெழுந்து, அவரைத் தப்பவைத்து, அதனாலேயே சொத்தும் நாடும் இழந்தவன். அந்த வணிகரின் மகள் ஸாஃபி அவனுக்கு ‘இனிய அரேபியப் பெண்’. பிறத்தியார் படும் துன்பம் புரியாதவன் அல்ல அவன். அவனுக்கே கம்பைத் தூக்கத்தான் தோன்றியது. விக்டரின் கோழைத்தனத்தை என்னால் எளிதில் வெறுத்துவிட முடிகிறது. ஃபெலிக்ஸைத்தான் வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அடிபட்ட பிறகும் அந்தப் பிறவி, குழந்தைக்காவது மனத்தில் கறை இருக்காது என்று நம்பி ஒரு சிறுவனைப் பிடிக்கிறான். அந்தச் சிறுவனோ, மனிதரைத் தின்னும் பூதமே என்று அலறுகிறான். அந்தச் சிறுவனை அது கொன்றதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வயதுக்குள் யார் சிறுவனுக்கு இந்த அச்சத்தை ஊட்டினார்கள் என்றுதான் கேட்கிறேன்.

1823-ல் லண்டனில் இது நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அந்தப் படைக்கப்பட்டவனின் பெயருக்குரிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி ஷெல்லிக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருக்கிறது. நீயும் இதை ஒரு முறை படி. உன் மனம் அவனை என்னவென்று அழைக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்