இரண்டு வருட ஆய்வு வேலை சைபரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு மண்டபம், பாம்பன் பக்கம் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு வருடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு பி.பி. பார்த்து, கேள்வித்தாள் நிரப்பும் வேலை. அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இன்டர்வியூ போனேன். சர்டிபிகேட்டைப் புரட்டியவர், “வார்டு அனுபவம் இல்லையேம்மா, ஃப்ரெஷர் சம்பளம்தான்” என்றார். அதாவது, இரண்டு வருடமும் சைபர்.

சைபர் என்றதும் ஆய்வில் சேர்ந்த முதல் வாரம்தான் ஞாபகம் வந்தது. நான் கொடுத்த படிவங்களை மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். 120/80, 130/90, 140/80 என்று எல்லாமே சைபரில் முடிந்திருந்தன. “கருவியில கோடு ரெண்டு ரெண்டாத்தானே இருக்கு, 126, 134 எல்லாம் எங்கம்மா போச்சு?” என்றார். கண் பார்த்ததை விட்டுவிட்டு, கை பழகியதை எழுதியிருக்கிறேன். கல்லூரியில் நாலு வருடம் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், நனைந்த சேலையோடு கரையேறும் அக்காவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லிப் பாருங்கள். “நான் உக்காருவேன் தாயி, பாசி எடை போடுறவன் உக்காருவானா?” என்பார். எடை முடியும்வரை காத்திருந்து, உட்கார வைத்து, இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். ஒப்புதல் படிவத்தை எடுத்தால், “குழுக் கடன் பேப்பரா?” என்று கையை இழுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று புரியவைத்து, படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வைச் சேராத ஒரு சாட்சியையும் வைத்துக்கொண்டுதான் கைநாட்டு வாங்குவோம். “இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்று பேப்பரை நீட்டிப் பழகிய வார்டுகளில் இதை யார் சொல்லித்தருகிறார்கள்?

ஃப்ரெஷர் சம்பளத்துக்கே சேர்ந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஊசிக் குழாய் போடும் கை எனக்கு அப்போது தடுமாறத்தான் செய்தது. ஆனால் மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு எங்கள் மருத்துவமனை தயாரானபோது தொற்றுக் கணக்கு எடுக்க ஆள் தேடினார்கள். சிறுநீர்க் குழாய் போட்டவர்களில் இத்தனை பேருக்குத் தொற்று என்று சொன்னால் போதாது, 1,000 குழாய் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) எத்தனை என்று வேண்டும். அதற்குத் தினமும் ஒரே நேரத்தில் வார்டு வார்டாகப் போய் எண்ண வேண்டும். சீனியர்கள் நழுவினார்கள். எனக்கு அது பழைய வேலை. இன்று அங்கே தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் நான்தான்.

காசநோயாளியை சானடோரியத்தில் கிடத்த வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா? இந்த வேலையை முழு அனுபவமாகச் சேர்க்க மனம் வராவிட்டால், பாதியாகவாவது சேருங்கள் என்று மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்கிறேன்.

போன வாரம் தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். “ஆய்வு வேலை கிடைச்சிருக்கு, போகலாமாக்கா?” போகச் சொன்னேன். ஆனால், வெறும் ‘திட்டப் பணியாளர்’ என்று எழுதாமல், என்னென்ன வேலை செய்தாள் என்று விவரமாக எழுதி சர்டிபிகேட் தருவார்களா என்று சேரும் நாளே கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
மண்டபம்.